யாரும் கத்தவில்லை

செம்மேட்டுப்பாளையத்தின் குரல் ஒரு வியாழக்கிழமை காலையில், அந்த ஊரிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம் தள்ளியிருக்கிற கோயமுத்தூரில், ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், டீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தப்பட்டது. நிறுத்தியவர் குழந்தைவேலு. அது குரல் என்று அவருக்கு அப்போது தெரியாது. எழுத்தில் அனுமதி இல்லாமல் அவர் இதுவரை எதையும் தொட்டதில்லை. அன்றும் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, சர்வரின் எண்ணை இரண்டு முறை ஒத்துப் பார்த்து, பிறகுதான் விரலை வைத்தார். திரையில் பச்சையாக இருந்த ஒரு புள்ளி சாம்பல் நிறமாயிற்று. டீ வந்தது.

அந்த மாடியில் மெஷின் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. மூன்று நூற்பாலைகளின் வருகைப் பதிவும் சம்பளமும் லீவும் பஞ்சு இருப்பும் ஓடுகிற சர்வர்கள், யாரோ ஒருவருடைய கட்டடத்தில், எங்கோ ஒரு ஊரில், வாடகைக்கு ஓடின. கிளவுட் என்று அதற்குப் பெயர். அவற்றை எழுப்புவதும், தூங்க வைப்பதும், சுணங்கினால் பார்ப்பதும், ஒன்று செத்தால் இன்னொன்றை அதே பெயரில் அதே இடத்தில் நிற்க வைப்பதும் குழந்தைவேலுவின் வேலை. சர்வர்களுக்கு ஆற்றுப் பெயர் வைத்திருந்தார்கள். பவானி சம்பளம் போட்டது, அமராவதி லீவு பார்த்தது, நொய்யல் பஞ்சுக் கணக்கு வைத்திருந்தது. நொய்யல்தான் அடிக்கடி நின்றுபோகும். "அந்தப் பேர வெச்சுட்டு அது ஓடோணும்னா எப்படீண்ணா" என்பாள் பக்கத்து மேசை நூர்ஜஹான்.

பெயரில்லாத சர்வரும் ஒன்று இருந்தது. குழுமத்தில் கம்ப்யூட்டர் வந்த காலத்தில், இப்போது யாருக்கும் முகம் நினைவில்லாத ஒருவர் ஏற்றி வைத்துவிட்டுப் போனது. மற்றவை எல்லாம் பிற்பாடு மும்பைக்கு வந்துவிட்டன, இது மட்டும் முதலில் வைத்த இடத்திலேயே சிங்கப்பூரில் கிடந்தது. என்ன செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் செய்துகொண்டிருந்தது. அதன் வேலையைக் காட்டும் கோடு, படுத்திருப்பவரின் நெஞ்சு போல, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

இப்படிப்பட்ட ஒன்றை என்ன செய்வதென்று அந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு. கத்தல் டெஸ்ட் என்பார்கள். எது எதைச் சார்ந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நிறுத்திவிடு, யாராவது கத்துகிறார்களா பார். கத்தினால் மறுபடி ஓட விடு. முப்பது நாள் யாரும் கத்தவில்லையென்றால் யாருக்கும் அது தேவையில்லை, நகலோடு சேர்த்து அழித்துவிடு. செலவைக் குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்த மாதம் அது. மேலாளர் தாமோதரன் கையெழுத்துப் போட்டார். குழந்தைவேலு நிறுத்தினார், நிறுத்திய கையோடு, முப்பதாம் நாள் மாலை ஆறு மணிக்குத் தானாகவே அழிந்து போகும்படி கட்டளையும் எழுதி வைத்தார். பிறகு மறக்கக்கூடாதே என்பதற்காக எதையும் முன்கூட்டியே செய்து வைப்பது அவருடைய பழக்கம்.

குழந்தைவேலு பேசமாட்டார். ஊமை இல்லை, கூச்சம். எதிரில் ஆள் நின்றால் தொண்டைக்கு வந்தது திரும்பிப் போய்விடும். பத்தடி தூரத்தில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருக்கும் தாமோதரனுக்கே, எழுந்து போய்ச் சொல்லாமல் கம்ப்யூட்டரில் எழுதித்தான் அனுப்புவார். அவரிடம் பேசுவதற்கென்று உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தது, அவருடைய அக்கா பூவாத்தாள். அவரைப் படிக்க வைத்தவள். இருபத்தெட்டு வருடமாக, அந்த மூன்று நூற்பாலைகளில் ஒன்றான செம்மேட்டுப்பாளையம் மில்லில் வேலை. மில் சத்தத்தில் காது பாதி போனவர்கள் எல்லோரையும் போல அவளும் உரக்கத்தான் பேசுவாள், ஆனால் அவள் பேச்சு அந்த உரக்கப் பேசுகிற ஊரிலேயே உரத்தது. தினமும் மாலை டீ நேரத்தில் மில் கொட்டகையிலிருந்து போன் செய்வாள், குழந்தைவேலு போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொள்வார், மூன்றாவது மாடி முழுக்கக் கேட்கும்.

"என்றா கொழந்த, சாப்ட்டயா?"

"ம்."

"என்ன கொளம்பு?"

"பருப்பு."

"ஏன்டா, வாயத் தொறந்தா முத்து உதுந்து போகுமா? உம் பொண்டாட்டிக்கு மாலபோட்டு அம்பதாயிரம் குடுக்கலாம்டா, உங்கூடக் குப்ப கொட்டறதுக்கு. சரி, வெச்சர்றன் போ, நீ ஒண்ணும் பேசமாட்ட."

கடைசி வாக்கியம் மட்டும் ஒரு நாளும் மாறாது. அதைச் சொல்லிவிட்டும் இன்னும் கொஞ்சம் பேசிவிட்டுத்தான் வைப்பாள்.

அந்த வியாழக்கிழமை மாலையும் போன் வந்தது. எடுத்தார். எந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. அக்கா, அக்கா என்று நாலைந்து முறை கூப்பிட்டார், சிக்னல் கோளாறு என்று நினைத்து வைத்துவிட்டார். மறுநாளும் வந்தது, இரைச்சல் மட்டும். அதற்கு மறுநாளும். "அக்காவுக்குக் கோவமாண்ணா? மாடியே வெறிச்சுனு இருக்குது" என்றாள் நூர்ஜஹான். அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை அவர் பஸ் ஏறினார்.

கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போதே சொல்லிவிட்டார். "செம்மேட்டுப்பாளையமுங்களா? அந்த ஊருக்காரங்க எறங்கோணும்னு வாயத் தொறந்து சொல்றதில்லீங், கம்பில காசத் தட்டுவாங்க. ஆரு தட்டுனாலும் நான் விசில் ஊதிருவனுங். என்னமோ வேண்டுதலாட்ட இருக்குது." ஊர் நெருங்கியதும் முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் டக் டக்கென்று காசு தட்டும் சத்தம் கேட்டது, கண்டக்டர் ஊதினார், பத்துப் பதினைந்து பேர் ஒரு சொல் இல்லாமல் இறங்கிப் போனார்கள்.

மில்லின் பதிவேட்டில் பெயர் இருந்த அத்தனை பேருக்கும் குரல் போயிருந்தது, அந்த ஊரில் வீட்டுக்கு ஒரு பெயராவது மில்லில் இருந்தது. யாரும் அதைப் பெரிய அதிசயமாக நினைக்கவில்லை. வியாழக்கிழமை காலை ஷிப்டில் இருந்தவர்களுக்கு அது போனதே தெரியாது, ஏனென்றால் மில்லுக்குள் எந்தக் காலத்திலும் குரலுக்கு வேலை இருந்ததில்லை. அங்கே கையால்தான் பேசுவார்கள். காது மடலைப் பிடித்தால் மேஸ்திரி வருகிறார், மூக்கைத் தொட்டால் டீ, இரண்டு முஷ்டியையும் எதிரெதிராக முறுக்கினால் நூல் அறுந்துவிட்டது, வயிற்றுக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டால் முதலாளி, அதையே கழுத்துக்கு நேராகப் போட்டால் புருஷன். ஷிப்டு முடிந்து வெளியே வந்து, வீட்டு வாசலில் பிள்ளையைக் கூப்பிட வாயைத் திறந்தபோதுதான் ஒவ்வொருவருக்கும் தெரிந்தது, தெரிந்த பிறகு அவர்கள் உள்ளே பேசியதையே வெளியேயும் பேசினார்கள். கை கைவசம் இருந்தது.

வெளியூரிலிருந்து மில்லுக்கு வந்துபோகிற டாக்டர் எல்லோர் தொண்டையிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். "பஞ்சுத் தூசு. சுடுதண்ணில உப்புப் போட்டுக் கொப்பளிங்க" என்றார். ஊர் முழுக்கக் கொப்பளித்தது. முதல் வாரத்தில் குழாயடிச் சண்டைகள் குடங்களை மோதவிட்டு நடந்தன, பிறகு குடம் நசுங்குவதைப் பார்த்து முறைப்பதோடு நின்றன. மில்லுக்குப் போகாத ஆம்பிளைகள் சிலர் வீட்டில் சத்தமில்லை என்று இரண்டு நாள் சந்தோஷப்பட்டார்கள், மூன்றாம் நாளிலிருந்து பெண்டாட்டி என்ன நினைக்கிறாள் என்று தெரியாமல் பயந்துகொண்டே சாப்பிட்டார்கள். ஷிப்டு போக மீதி நேரத்தில் காய் விற்றவர் தராசுத் தட்டைத் தட்டினார், பால் ஊற்றியவர் மணி வாங்கினார், நாய்கள் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் தங்கள் பெயரை மறந்தன, கைக்குழந்தைகள் தாலாட்டு இல்லாமல் அழுது பார்த்துவிட்டு, தூரத்தில் மில் ஓடும் சத்தத்துக்கே தூங்கக் கற்றுக்கொண்டன. மாரியம்மன் கோயில் பொங்கலுக்குக் குலவையிடப் பக்கத்து ஊர்ப் பெண்களை வண்டி வைத்துக் கூட்டிவந்தார்கள். கிழக்குத் தெருவில் ஒரு கிழவர் செத்தார், மகள்களும் மருமகள்களும் சுற்றி உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடினார்கள், பறை மட்டும் அடித்தது, பாதி சாங்கியத்தில் பறையடிப்பவருக்கே தாங்காமல் குச்சியைக் கீழே வைத்துவிட்டார். அவரும் மில்லில் இருந்தவர்தான். அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் கை நெஞ்சில் விழுகிற சத்தம்தான்.

சங்கத் தலைவர் மயிலானந்தம் மில் கேட்டில் கூட்டம் போட்டார். முந்நூறு பேர் நின்றார்கள். மயிலானந்தம் முஷ்டியை உயர்த்தி வாயைத் திறந்தார், முந்நூறு பேரும் முஷ்டியை உயர்த்தி வாயைத் திறந்தார்கள். வெயில் ஏறும்வரை அப்படி நடந்தது. காவலாளி கேபினுக்குள் திரும்பி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். கேட்டில் எந்தக் கோஷமும் எழவில்லை என்று அன்று பதிவாயிற்று. அந்த வாரம், ஒழுங்கு மேம்பட்டிருப்பதைப் பாராட்டி நிர்வாகம் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியது.

புகார் சொல்வதற்கு என்று மில்லுக்கு ஒரு போன் எண் இருந்தது. அழைத்தால், பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல், உங்கள் பணியாளர் எண்ணைத் தெளிவாகச் சொல்லவும் என்று கேட்கும். சொல்லாவிட்டால் இன்னொரு முறை கேட்கும், பிறகு நன்றி சொல்லித் துண்டித்துவிடும். ஊரில் பாதிப் பேர் அந்த நன்றியை வாங்கியிருந்தார்கள்.

பூவாத்தாள் தம்பிக்குச் சோறு போட்டாள். சாப்பிடும்வரை எதிரில் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்படி அவளை அவர் பார்த்ததே இல்லை. கை கழுவி வந்ததும் அவரை நேராக உட்காரவைத்து, கையால் சொல்லத் தொடங்கினாள். சின்ன வயதிலிருந்து மில் கைப்பேச்சைப் பார்த்து வளர்ந்தவர் அவர், புரிந்தது.

அவள் சொன்னது மாகாளியைப் பற்றி. பஞ்சு சிக்கெடுக்கும் மெஷினில் வேலை செய்கிறவள், வயது இருபத்தாறு. நாலு நாளைக்கு முன்னால், புதன்கிழமை, உருளையில் சிக்கிய பஞ்சை எடுக்கக் கையை விட்டிருக்கிறாள், கை உள்ளே போய்விட்டது. மற்ற நாளாயிருந்தால் அந்த இரைச்சலிலும் ஒரு அலறல் நாலு மெஷினுக்காவது போய்ச் சேரும், முன்னே இரண்டு தடவை போய்ச் சேர்ந்திருக்கிறது, யாராவது ஓடிப்போய்ச் சுவிட்சை அடித்திருக்கிறார்கள். மாகாளி வாயைத் திறந்தாள். அடுத்த மெஷின்காரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மில் கைப்பேச்சில் கிழவிகள் சொல்லும் கெட்ட ஜோக்குக்குக்கூட சைகை உண்டு, அலறுவதற்கு மட்டும் சைகை கிடையாது, அலறுகிற நேரத்தில் கை மெஷினுக்குள் இருக்கும் என்பதால் யாரும் அதை உண்டாக்கி வைக்கவில்லை. மேஸ்திரி தற்செயலாகத் திரும்பிப் பார்த்தபோது மணிக்கட்டு வரை போயிருந்தது.

பூவாத்தாள் தன் வலது கையை இடது கையால் மூடி மறைத்துக் காட்டினாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

குழந்தைவேலு அந்த வியாழக்கிழமையை நினைத்தார். திங்கட்கிழமை காலை அலுவலகம் போனதும் பெயரில்லாத சர்வரின் பழைய கோடுகளை எடுத்துப் பார்த்தார். ஷிப்டு விடும் நேரமெல்லாம் கோடு ஏறியிருந்தது. நடுராத்திரி படுத்திருந்தது. போன வருடப் பொங்கல் நாளில், கோயிலில் குலவையிடும் நேரத்துக்கு, ஊசி போல எழுந்து நின்றது. வேலைநிறுத்தம் நடந்த நாட்களில் மலைத்தொடராகக் கிடந்தது. தினமும் மாலை டீ நேரத்தில், மற்றவற்றிலிருந்து தனியாக, ஒரு சின்ன முள் கிளம்பி, அவருக்கு வரும் போன் முடிகிறவரைக்கும் நின்று, இறங்கியது. அந்த முள்ளைப் பெரிதாக்கிப் பார்த்தார். அதில் அக்கா திட்டுவது தெரிந்தது.

நூர்ஜஹானைக் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் ஆச்சரியப்படவில்லை, அந்தத் தொழிலில் இதைவிட விநோதமானவற்றை எல்லாம் எது எதிலோ கட்டி வைத்திருப்பதைப் பார்த்தவள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஓட விட்ருங்கண்ணா. சாவி உங்க கையிலதான இருக்குது."

"டிக்கெட் இல்லாம, எழுத்துல அனுமதி வராம, எப்படிம்மா?"

"ஓட விடறதுக்கு வேண்டாம், அந்த அழிக்கற கட்டளையையாச்சும் எடுத்துருங்க."

"அதுவும் டிக்கெட்ல வந்ததுதான். எழுதிப் போடறேன்."

"எழுதாதீங்க. சாரு உள்ளதான இருக்கறாரு, பத்தடி. எந்திரிச்சுப் போயி வாயில சொல்லுங்க."

அவர் எழுந்தார். கண்ணாடிக் கதவுவரை போனார். உள்ளே தாமோதரன் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். செம்மேட்டுப்பாளையத்துக் குரலை நான் நிறுத்திவிட்டேன் என்று தொடங்குவதா, ஒரு கோடு ஏறி இறங்குகிறது என்று தொடங்குவதா என்று அவர் யோசித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து எழுதினார். கோரிக்கையின் வகை என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது: சம்பளம் வரவில்லை, வருகை பதிவாகவில்லை, லீவு தெரியவில்லை, கடவுச்சொல் மறந்துவிட்டது, மற்றவை. மற்றவை என்று போட்டார். மற்றவை என்று போடப்பட்டதெல்லாம் ஒரு வாரம் யாரும் திறக்காவிட்டால் தானாக மூடிக்கொள்ளும், அப்படி மூடிக்கொள்ளச் செய்தவரும் போன வருடம் அவரேதான். மூடிக்கொண்டது. மறுபடி எழுதினார், இந்த முறை கோட்டின் படங்களையும் வைத்து, நேரங்களை வரிசைப்படுத்தி, அழகாக எழுதினார். அதுவும் மூடிக்கொண்டது.

இதற்கு நடுவில் ஒரு ஞாயிறு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். தான் நிறுத்தியது, அழியப்போகும் நாள், எழுதிப் போட்டிருப்பது. பூவாத்தாள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரு விரலை நீட்டி அவர் வாயைத் தொட்டாள். பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். உனக்குத்தான் இருக்கிறதே என்று அதற்கு அர்த்தம்.

முப்பதாம் நாள் சனிக்கிழமை. மதியம் மூன்று மணி தாண்டியபோது, மூன்றாவது மாடி வரவேற்பறையில் ஆறு பெண்கள் வந்து நின்றார்கள். கொண்டையில் பஞ்சு ஒட்டியிருந்தது. காலை ஷிப்டுக்குப் போய், பாதியில் கேட்டைத் தாண்டி, நேராக பஸ் ஏறியிருந்தார்கள். முன்னால் பூவாத்தாள், அவளுக்குப் பக்கத்தில் கையில் கட்டோடு மாகாளி. வரவேற்பில் இருந்த பெண் யாரைப் பார்க்கணும் என்று கேட்டாள், ஆறு பேரும் ஒரே நேரத்தில் கையை அசைத்தார்கள், அவள் பயந்துபோய் எழுந்து நின்றாள்.

தாமோதரன் வெளியே வந்தார். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். கட்டைப் பார்த்து, "அடடா, எப்படிம்மா ஆச்சு?" என்றார். பூவாத்தாள் கையால் சொன்னாள். அவர் திரும்பிப் பார்த்தார். "இவுங்க என்ன சொல்றாங்க? யாருக்காச்சும் புரியுதா?"

மாடி முழுக்கக் குழந்தைவேலுவைப் பார்த்தது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, நடந்து, அக்காவுக்கும் மேலாளருக்கும் நடுவில் வந்து நின்றார். பூவாத்தாள் மெதுவாக, ஒவ்வொரு சைகையாக நிறுத்திச் சொன்னாள். அவர் சொல்லத் தொடங்கினார்.

"கேக்கல குழந்தைவேல். சத்தமாச் சொல்லுங்க."

அவர் சத்தமாகச் சொன்னார். வியாழக்கிழமை, குழாயடி, கிழக்குத் தெருச் சாவு, நன்றி சொல்லும் போன், மாகாளியின் வாய், அடுத்த மெஷின்காரியின் முதுகு. அக்காவின் கை நின்ற பிறகும் அவர் சொன்னார், கோடு, முள், கத்தல் டெஸ்ட், இன்று மாலை ஆறு மணி. முடித்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தாமோதரன் கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினார். "எனக்கு ஒண்ணும் புரியல. நம்பற மாதிரியும் இல்ல. ஆனா மறுபடி ஓட விடறதுல நமக்கென்ன நஷ்டம்? போட்டு விடுங்க, போட்டு விடுங்க. டிக்கெட் நான் பின்னாடி எழுதிக்கறேன்." கதவுவரை போனவர் திரும்பினார். "இத அன்னைக்கே எங்கிட்ட வந்து வாயில ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே குழந்தைவேல்? யாருமே கத்தலயேன்னுதான நான் சும்மா இருந்தேன்."

பூவாத்தாள் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. மாகாளி நல்ல கையால் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றே முக்காலாகியிருந்தது, ஆறு மணிக்கு நிறைய நேரம் இருந்தது.

குழந்தைவேலு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். பட்டியலைத் திறந்தார். பவானி இருந்தது, அமராவதி இருந்தது, நொய்யல் இருந்தது. பெயரில்லாதது இல்லை. வேறு பக்கத்தில் இருக்கும் என்று தேடினார். சாம்பல் நிறப் புள்ளிகள் எல்லாவற்றையும் பார்த்தார். நகல்கள் இருக்கும் இடத்தைப் பார்த்தார். நூர்ஜஹான் நாற்காலியை இழுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். இருவரும் அழிப்புப் பதிவைத் திறந்தார்கள். கட்டளை சரியாக நிறைவேறியிருந்தது, மாலை ஆறு மணிக்கு. சிங்கப்பூரில் மாலை ஆறு மணிக்கு. மற்ற எல்லா சர்வரும் மும்பையில் இருந்ததால், நாள் முழுக்க மும்பை சர்வர்களுக்கே கட்டளை எழுதிப் பழகிய கையால், அந்தச் சர்வருக்கும் அவர் நேரத்தை மட்டும் எழுதியிருந்தார், எந்த ஊர் நேரம் என்று எழுதவில்லை. அது தான் இருந்த ஊரின் ஆறு மணியை எடுத்துக்கொண்டது. அங்கே ஆறு என்றால் இங்கே மூன்றரை. அவர் அக்காவுக்கும் மேலாளருக்கும் நடுவில் நின்று, சத்தமாகப் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"நகலுண்ணா?" என்றாள் நூர்ஜஹான்.

நகலோடு சேர்த்துத்தான். திரும்பக் கிடைக்காதபடி, ஒரு துணுக்கு மிச்சமில்லாதபடி, ரொம்பக் கவனமாக எழுதியிருந்தார்.

அப்போது குழந்தைவேலு கத்தினார். அதில் வார்த்தை எதுவும் இல்லை. நாற்பத்தாறு வருடம் தொண்டைவரை வந்து திரும்பிப் போனவை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தது போல இருந்தது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது, கீழே தெருவில் போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வரவேற்பறையில், பாதிக் காது போன ஆறு பெண்களுக்கும் அது கேட்டது. தங்களில் யாரோ ஒருத்திக்கு வந்துவிட்டது என்று நினைத்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள், ஒவ்வொருத்தியும் தன் தொண்டையில் கையை வைத்தாள், வாயைத் திறந்தாள். மாகாளி இல்லாத கையைத்தான் முதலில் தூக்கினாள். திறந்து பார்த்தார்கள், இன்னும் கொஞ்சம் பெரிதாகத் திறந்து பார்த்தார்கள். வரவேற்பறையில் ஏ.சி. ஓடுகிற சத்தம் இருந்தது.

முதலில் வாயை மூடியவள் பூவாத்தாள். அவள் உள்ளே வந்து, தம்பியின் தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். கலைந்திருந்த அவர் காலரை இழுத்துச் சரி செய்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்து, மூக்கைத் தொட்டுக் காட்டினாள். அந்த மாடியில் அது யாருக்கும் புரியவில்லை. இவனுக்கு டீ கொடுங்கள் என்று அர்த்தம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் தாமோதரன் திங்கட்கிழமைதான் கணக்கை முடித்தார். அவர் நேர்மையானவர், நடந்ததை நடந்தபடி எழுதினார். பெயரில்லாத சர்வர், சோதனைக்காலம் முப்பது நாள், கத்தியவர் ஒருவர், கெடு முடிந்த பிறகு. மூடப்பட்டது.

செம்மேட்டுப்பாளையத்தில் இப்போது இரண்டு வயதுப் பிள்ளைகள் கையால்தான் முதல் வார்த்தை பேசுகின்றன. மில்லில் அலறுவதற்கு ஒரு சைகை கண்டுபிடித்திருக்கிறார்கள், காலால் செய்வது, மூன்று முறை தரையை உதைக்க வேண்டும். இரைச்சலில் அது காதுக்குக் கேட்காது, ஆனால் தரை வழியாக அடுத்த மெஷின்காரியின் பாதத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிறார்கள். மாகாளிக்குக் கேட்டில் உட்காரும் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

தினமும் மாலை டீ நேரத்தில் குழந்தைவேலுவுக்குப் போன் வருகிறது. எடுத்ததும் எழுந்து நின்றுகொள்கிறார், அக்காவுக்குக் காது மந்தம் என்பதால் மாடி முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசுகிறார். சாப்பிட்டேன் அக்கா, கத்திரிக்காய்க் குழம்பு, உப்புக் கூடிவிட்டது, சமைத்தவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை, நொய்யல் இன்றைக்கும் நின்றுவிட்டது, நூர்ஜஹான் சிரிக்கிறாள், நீ முட்டிக்குத் தைலம் போட்டாயா. எதிர்முனையில் எந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. சொல்வதற்கு இருந்ததெல்லாம் தீர்ந்த பிறகு, வழக்கமாக அந்த இடத்தில் வரவேண்டிய ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைச் சொல்ல அவளால் முடியாது, அவருக்கு மனம் வராது. அதனால் இரண்டு பக்கமும் போனை வைக்காமல், மில் சங்கு ஊதும்வரை அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.